தானாக நின்றவர்கள்

மெத்தை கம்பெனியில் ஒருவன் நாளையிலிருந்து வரமாட்டான் என்றால் அதைச் சொல்ல இரண்டு வார்த்தை உண்டு. "நின்னுட்டான்" என்பது ஒன்று. "நிறுத்திட்டாங்க" என்பது இன்னொன்று. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் முதல் வார்த்தைக்கு உரியவன் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பான். இரண்டாவதுக்கு உரியவன் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

மேஸ்திரியின் வீட்டில் இரண்டாவது வார்த்தை புழங்கியதே இல்லை. அவருடைய அப்பா ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தவர். கிடங்குக்காரரின் மருமகன் ஒருநாள் "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டதற்காகச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தவர். அதன்பிறகு வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியாத மாதங்கள் இருந்தன. ஆனால் அதைப்பற்றிப் பேசும்போது யாரும் அடுப்பைப் பேசமாட்டார்கள். சாவிக்கொத்தைத்தான் பேசுவார்கள்.

அப்பா போனபோது தம்பிக்குப் பால்பல் விழவில்லை. மேஸ்திரிதான் தூக்கி வளர்த்தார். தனக்குப் பிள்ளை இல்லாத குறையை அவனைக் கொண்டே ஆற்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பெயர் என்ன என்று அவனைக் கேட்டார்கள். அவர்தான் பதில் சொன்னார். கம்பெனியில் சேர்த்துவிட்டபோது என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். அதற்கும் அவர்தான் பதில் சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "பையன் ஏதாவது பேசட்டுமே" என்று பெண்ணின் அத்தை சொன்னபோது, "அவன் அதிகம் பேசமாட்டான். நான் சொன்னா அவன் சொன்ன மாதிரி" என்று முடித்துவிட்டார். தம்பி பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தான். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் இருக்கும்போது நமக்கெதற்கு வாய் என்று இருந்தவன் அவன்.

சுருட்டி டப்பாவில் அடைத்து வரும் மெத்தைகள் கடைகளுக்கு வந்த வருஷமே தையல் கூடத்துக்கு ஆர்டர் குறைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஒருநாள் காலை மேனேஜர் கூடத்துக்கு நடுவில் வந்து நின்று, இந்தப் பகுதியை மூடுகிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசி வரை ஓடியது டேப் அக்காவின் மெஷின்தான். மெத்தையின் ஓரத்துக்கு நாடா வைத்துத் தைக்கிறவள் அவள். "கையில இருக்கறதை முடிச்சிடறேன் சார். பாதி ஓரத்தோட விட்டா படுக்கறவன் பாவம் என்னைச் சேரும்" என்றாள்.

பிறகு மேனேஜர் மேஸ்திரியை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். மேஸ்திரி உட்காரவில்லை. தம்பி கதவுக்குப் பக்கத்தில் நின்றான்.

"மேஸ்திரி, உங்களை நிறுத்தறதுக்கு எனக்கு வாய் வரல..."

"வர வேணாம் சார்." மேஸ்திரி சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துகளைத் தட்டிவிட்டார். "என்னை யாரும் நிறுத்த வேணாம். நானே நின்னுக்கறேன். தம்பியும் நின்னுக்கறான்."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நிறுத்தினால் கம்பெனி அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், சில செலவுகளை ஏற்க வேண்டும். நின்றவனுக்கு அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. இது அவருக்குத் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியாது.

"உங்க இஷ்டம் மேஸ்திரி. அப்படியே போட்டுடறேன்" என்றார். குரலில் இருந்த நிம்மதியை மேஸ்திரி மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது தம்பியைப் பார்த்து, "யார் கேட்டாலும் நின்னுட்டோம்னு சொல்லு. நம்ம வீட்டு ஆளுங்களை எவனும் வெளிய அனுப்பினதில்ல" என்றார்.

"சரிண்ணே" என்றான் தம்பி.

வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் சில மாதங்கள் உதவித்தொகை தருகிறது, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்ததே அதற்குத்தான் என்ற விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது தம்பியின் மனைவி. மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. கை நீட்டுகிற விவகாரமாகப் பட்டது.

"நீங்க கை நீட்டல மாமா. கொடுத்து வெச்சதைத் திரும்பக் கேக்கறீங்க" என்றாள் அவள்.

அவள் அதை வற்புறுத்தியதற்குக் காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு சோபா கம்பெனி எழும்பிக்கொண்டிருந்தது. தையல் தெரிந்தவர்களை எடுப்பார்கள், ஆனால் கூரையே இன்னும் போடவில்லை. அதுவரை ஓட்ட உதவித்தொகை வந்தால் தம்பி இங்கேயே இருப்பான். வராவிட்டால், கடலோரத்தில் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் அவள் உறவுக்காரர் ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார். குளிர் அறையில் வேலை. போனால் குடும்பத்தோடு போய்விட வேண்டியதுதான். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. பஞ்சுத் தூசியில் அது அதிகமாகியிருந்தது. குளிர் அறை என்ற சொல்லைக் கேட்டதும் மேஸ்திரியின் மனைவி அடுப்படியில் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டாள்.

"அவனுக்கு அது ஒத்துக்காது" என்றாள் கணவனிடம், தனியாக. "போய்க் கேளுங்க. கௌரவம் பார்க்கற நேரமா இது?"

அண்ணனும் தம்பியும் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனார்கள். வெயில் ஏறுவதற்குள் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. முதலில் ஒரு ஜன்னலில் டோக்கன். அந்த ஜன்னலில் இருந்தவர், கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றார். பதிவதற்குப் பக்கத்துக் கடைக்குப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. போனில் வந்த எண்ணைத் தம்பி படித்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிட்டது. மறுபடி வரிசையில் நின்றபோது வங்கிக் கணக்கில் அப்பா பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருக்கிறது என்றார்கள். அதைச் சரிசெய்ய இன்னொரு நாள், இன்னொரு வரிசை.

வரிசையில் முன்னால் டேப் அக்கா நின்றிருந்தாள்.

"வாங்க மேஸ்திரி. கம்பெனியில நம்மளை உக்கார வெச்சு வேலை வாங்கினான். இங்க வேலை இல்லாததுக்கு நிக்க வெச்சு வேலை வாங்கறான்" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நின்னுட்டதா மேனேஜர் போட்டிருக்காராமே. நிஜமா?" என்றாள்.

"ஆமா. நின்னுட்டேன்."

"எங்க நின்னீங்க? அன்னிக்கு அந்தாள் கூடத்து நடுவுல வந்து மூடறோம்னு சொன்னதை நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீங்க. இழுத்து மூடின கடையில இருந்து நீங்களா எப்படி நிப்பீங்க?" அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேஸ்திரி, நிறுத்தினாங்கன்னா காசு. நின்னேன்னா காத்து. அவ்வளவுதான் இங்க கணக்கு."

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல் கூடத்தில் அவர் நடந்து வந்தால் பேச்சை நிறுத்தி ஊசியைப் பார்க்கிறவள் இவள். இப்போது பாடம் சொல்கிறாள்.

கவுன்டரில் ஒரு பெண்மணி இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இருவரையும் பார்த்தார். வேலை எப்படிப் போனது என்று கேட்டார்.

"நின்னுட்டோம்" என்றார் மேஸ்திரி.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

அந்தப் பெண்மணி கண்ணாடியை இறக்கிக் காகிதத்தைப் பார்த்தார். "தானா நின்னவங்களுக்குக் கிடையாதுங்க ஐயா. ஆனா உங்க பகுதியையே மூடிட்டதா உங்ககூட வேலை பார்த்தவங்க எழுதியிருக்காங்க. அதனால விசாரணைக்குக் கூப்பிடுவோம். அங்க அதிகாரி உங்க வாயால கேப்பாரு. அன்னிக்கு நீங்க என்ன சொல்றீங்களோ அதான் நிக்கும். யோசிச்சிட்டு வாங்க" என்றார். கடைசி இரண்டு சொல்லை அழுத்திச் சொன்னார். நல்ல மனுஷி.

திரும்பி நடந்து வரும்போது தம்பி ஓரடி பின்னாலேயே வந்தான். தெரு முனையில் மூச்சு வாங்க நின்றவன், "அண்ணே, அன்னிக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டான்.

மேஸ்திரிக்குப் பதில் தெரியும். கவுன்டரிலிருந்து நகரும்போதே அவர் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். குளிர் அறையா, தன் வாய்ச்சொல்லா என்றால் சொல்தான் இறங்கிப் போகவேண்டும். நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவிடுவார். அதிகாரியிடம் சொல்லலாம். முன்பின் தெரியாதவர், ஒரு தடவையோடு போய்விடும். ஆனால் இவனிடம் எப்படிச் சொல்வது? நம் வீட்டில் எவனும் வெளியே அனுப்பப்பட்டதில்லை என்று சொல்லிக்கொடுத்த வாயால், நம்மை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று ஒத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? அப்பாவின் சாவிக்கொத்துக் கதையை இவனுக்குச் சோறு ஊட்டும்போது சொன்னவர் அவர்.

"என்ன சொல்லணும்னா?" என்றார் கொஞ்சம் எரிச்சலாகவே. "நான் பேசிக்கறேன். நீ பக்கத்துல நில்லு."

"சரிண்ணே."

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. எப்போதும் அப்படித்தானே.

விசாரணை நாளன்று மேஸ்திரியின் மனைவி இருவரின் சட்டைக்கும் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். தம்பியின் குட்டிப் பெண் வாசல் வரை வந்து, "பெரிப்பா, ஆபீசுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி செருப்பை மாட்டினார். அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். நிறுத்திட்டாங்க. நிறுத்திட்டாங்க சார். எங்க ரெண்டு பேரையும் நிறுத்திட்டாங்க. தம்பி சும்மா உட்கார்ந்து எதிர்ச்சுவரில் மின்விசிறி சுற்றுகிற நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் பேசுவார்.

இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. இரண்டு பியூன்கள். ஒருவர் மேஸ்திரியைக் கூப்பிட்டார், இன்னொருவர் தம்பியை.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான்" என்றார் மேஸ்திரி.

"தனித்தனியாத்தான் ஐயா. ஒருத்தர் கேஸ்ல இன்னொருத்தர் உக்காரக் கூடாது."

தம்பி எழுந்து நின்று அண்ணனைப் பார்த்தான். பள்ளிக்கூடத்து முதல் நாள் வகுப்பறை வாசலில் பார்த்த அதே பார்வை. அவனுக்கும் தனக்கும் நடுவில் நாலைந்து பெஞ்சு, அதில் கம்பெனி ஆட்கள், டேப் அக்கா, முன்பின் தெரியாத எத்தனையோ பேர். மேஸ்திரி அப்போது வாயைத் திறந்திருக்கலாம். நிறுத்திட்டாங்கன்னு சொல்லுடா என்று ஒரு வார்த்தை. அத்தனை பேர் காதிலும் விழும். டேப் அக்கா திரும்பிப் பார்ப்பாள்.

"போ" என்று தலையை மட்டும் அசைத்தார்.

உள்ளே இருந்த அதிகாரி இளைஞர். கம்பெனி ஒன்று சொல்கிறது, உடன் வேலை பார்த்தவர்கள் இன்னொன்று சொல்கிறார்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார். மேஸ்திரி உட்காராமலே சொன்னார். தரையைப் பார்த்துச் சொன்னார். "நிறுத்திட்டாங்க." அதிகாரி காதில் விழவில்லை. "கொஞ்சம் சத்தமா" என்றார். இரண்டாவது தடவை சொல்லும்போது அவர் முதுகு, இத்தனை வருஷம் எந்த முதலாளி முன்னாலும் வளையாத முதுகு, தானாகக் கூனியது. "தம்பியையும் சேர்த்துத்தான் சார்" என்றார். அதை அதிகாரி எழுதவில்லை. "அவரை அவர் அறையில கேப்பாங்க" என்றார்.

வெளியே வந்தபோது தம்பி முன்னதாகவே வந்து காத்திருந்தான்.

"என்ன கேட்டாங்க?"

"அதே கேள்விதான். நீங்களா நின்னீங்களா, நிறுத்தினாங்களான்னு."

"நீ..."

"நீங்க சொன்னதையேதான் சொன்னேன். நானாத்தான் நின்னேன்னு. அவர் திரும்பத் திரும்பக் கேட்டாரு. நல்லா யோசிங்க, நல்லா யோசிங்கன்னாரு. நான் மாத்தலண்ணே." அவன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. தனியாக அனுப்பியும் சொன்ன சொல் தவறாமல் வந்த பெருமை. "நீங்களும் அதானே சொல்லியிருப்பீங்க?"

மேஸ்திரி திரும்பித் தம்பி இருந்த அறையின் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. "வா, டீ குடிக்கலாம்" என்றார். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதன் மேல் ஆடை படர்ந்தது.

முடிவு சில வாரங்களில் வந்தது. மேஸ்திரிக்கு உண்டு. தம்பிக்கு இல்லை. காரணமும் போட்டிருந்தது. தம்பியின் மனைவிதான் உரக்கப் படித்தாள். முதலில் மாமாவுடையதைப் படித்தபோது முகம் மலர்ந்தது. "நிறுத்தப்பட்டதாக மனுதாரர் தெரிவித்ததால்..." என்று படித்தாள். அடுத்ததை எடுத்தாள். "தாமாகவே பணியிலிருந்து நின்றதாக மனுதாரர்..." அங்கே நிறுத்தினாள். மறுபடி முதலாவதைப் பார்த்தாள். மேஸ்திரியின் மனைவி கணவனைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்கமாட்டார்.

தம்பிதான் முதலில் பேசினான்.

"நீங்க மாத்திச் சொன்னது நல்லதுதாண்ணே. உங்களுக்காவது வந்ததே." கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் ஒரு வார்த்தை..." என்று தொடங்கினான். முடிக்கவில்லை. எழுந்து போய்த் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் மேஸ்திரி தனியாக அலுவலகத்துக்குப் போனார். அதே கவுன்டர், அதே பெண்மணி. மேல்முறையீடு செய்யலாம் என்றார் அவர். ஆனால் முதலில் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்குத் தம்பி காரணம் எழுதித் தர வேண்டும்.

"யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா அவருக்கு?"

"நான்தாம்மா" என்றார் மேஸ்திரி. "நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் பணத்தை நிறுத்திட்டு அவனுக்குக் கொடுங்க."

"அப்படியெல்லாம் மாத்தி விட முடியாதுங்க. நீங்க சொன்னாலும் செல்லாது. அவர் சொல்லணும். எங்கண்ணன் பேச்சைக் கேட்டுத் தவறாச் சொல்லிட்டேன்னு அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டா, எடுத்துக்குவாங்க."

மேஸ்திரி வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பியைக் கெஞ்சினார். வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கெஞ்சினார். எழுதுடா, அண்ணன் சொன்னான், அதனால பொய் சொன்னேன்னு எழுதிடு.

தம்பி தலையை ஆட்டினான். அண்ணன் சொல்லுக்கு அவன் மறுப்பாகத் தலையாட்டியதும் அதுதான் முதல் தடவை.

"வேற என்ன வேணா எழுதச் சொல்லுங்கண்ணே. உங்க பேரைப் போட்டு, எங்கண்ணன் என்னைப் பொய் சொல்ல வெச்சான்னு எவனோ ஒரு ஆபீசர் படிக்கற மாதிரி எழுத மாட்டேன். அப்பா இருந்தா எழுத விடுவாரா?" மூச்சு இழுத்தது அவனுக்கு. அடங்கும்வரை காத்திருந்து சொன்னான்: "அதுவும் இல்லாம, அது பொய்யா? அந்த அறையில நாமதானே நின்னோம். மேனேஜர் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க சொன்னீங்களே. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமா?"

ஒருவர் தொகையில் இரண்டு குடும்பம் ஓடாது, கடலோரத்துக்குப் போவதென்று ஆயிற்று. தம்பியின் மனைவி சண்டை போட்டிருந்தால் மேஸ்திரிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் பாத்திரங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். மேஸ்திரியின் மனைவி கொடுத்த கம்பளியை மட்டும் மேலாக வைத்தாள், எடுக்க வசதியாக.

பஸ் நிலையத்தில் கூட்டம் இல்லை. குட்டிப் பெண் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள். "பெரிப்பா ஏறல?" என்று கேட்டாள். "அடுத்த பஸ்ல" என்றார் மேஸ்திரி. தம்பி படியில் நின்றுகொண்டு கடைசி வரை உள்ளே போகாமல் இருந்தான்.

"கழுத்தை மூடிக்கோ. அந்த அறைக்குள்ள போறப்ப வாயைத் திறக்காத."

"சரிண்ணே."

"இழுப்பு வந்தா உடனே சொல்லு. மறைக்காத."

"சரிண்ணே." பிறகு ஏதோ நினைவு வந்தவனாக, "அண்ணே, அங்க கேப்பாங்க இல்ல? முன்னாடி பார்த்த வேலை என்னாச்சுன்னு. என்ன சொல்லட்டும்?" என்றான்.

மேஸ்திரி அவனை நிமிர்ந்து பார்த்தார். கேலி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. நிஜமாகவே கேட்கிறான். இவ்வளவுக்குப் பிறகும் இவரைத்தான் கேட்கிறான். அவர் வாயைத் திறந்தார். இரண்டு வார்த்தைகளும் ஒன்றாக வாய்க்கு வந்தன. எதைக் கொடுத்தாலும் அதை இவன் ஊர் விட்டு ஊர் பத்திரமாகக் கொண்டுபோவான். கண்டக்டர் விசில் ஊதினார்.

"நின்னுட்டேன்னே சொல்றேண்ணே" என்றான் தம்பி, அவருக்குச் சிரமம் வைக்காமல். "அதான் நல்லா இருக்கு."

பஸ் கிளம்பியது. குழந்தையின் மூக்கு அழுந்திய இடத்தில் கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. அது வளைவில் திரும்பும்வரை தெரிந்தது.

மேஸ்திரி அங்கேயே இருந்தார். நேரம் எவ்வளவு போயிற்றோ, பின்னால் ஒரு டிரைவர் ஹாரன் அடித்தார். தலையை வெளியே நீட்டி, மரியாதையாகத்தான் சொன்னார்.

"பெரியவரே, அங்க நிக்காதீங்க. அடுத்த வண்டிக்கு இடம் வேணும்."

மேஸ்திரி ஓரமாக நகர்ந்தார். பிறகு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.